பொறையின் எல்லை



'பொறை' என்னும் சொல் சுமையைக் குறிக்கும். மலையையும் நிலத்தையும் அது குறிக்கும். மலைநாடாண்ட சேரர்க்குப் பொறையன் என்னும் பெயர் வழங்கியது. மகப்பேற்றைப் 'பொறையுயிர்த்தல்' என்றனர். சுமையை இறக்கி இளைப்பாறுவதற்கும் அதே சொல்தான். இத்தனைக்கும் அடியில் நிற்பது 'பொறு' என்னும் வினை. பொறுமை என்பதை மனத்தின் ஒரு மென்குணமாக எண்ணுவது பிற்கால வழக்கின் சாயல். சொல்லின் உள்ளே இருப்பது மென்மையன்று, பாரம். பாரம் என்றால் அதனைத் தூக்குவோர் ஒருவர் உண்டு, ஏற்றி வைப்பவர் ஒருவர் உண்டு, இறக்கி வைக்க வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்துபட்ட பெண்ணின் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் தமிழகத்து ஊர்களில் இருந்து வந்தது. நிறுத்திய இரண்டு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தன் சுமையை இறக்கி வைக்க இயலாமல் இறந்தவளின் பெயரால் பிறர் தம் தலைச்சுமையை இறக்கிக் கொள்ள ஓர் இடம். அந்தக் கல்லை நாட்டியவர்கள் பொறை என்னும் சொல்லின் முழுப்பொருளையும் அறிந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

மணமாகிச் செல்லும் பெண்ணுக்குப் பூமாதேவியைப் போலப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவது இன்றும் கேட்கிற ஒன்று. அவ்வறிவுரைக்கு வள்ளுவரைத் துணைக்கழைப்பவரும் உளர். அகழ்பவரையே தாங்கும் நிலத்தை அவர் உவமை சொன்னார் அல்லவா என்பர். உவமை உண்மைதான். ஆனால் பெண்ணை நோக்கி மட்டும் வள்ளுவர் அதனைச் சொன்னார் என்பதற்கு அவ்வதிகாரத்தில் எங்கும் சான்றில்லை. பொறையுடைமை இல்வாழ்வான் ஒவ்வொருவனுக்கும் வைக்கப்பட்ட அறம். அதனை இல்லத்தின் ஒரு பாதிக்கு மட்டும் உரியதாக்கி, மறுபாதியை அதிலிருந்து விடுவித்துக் கொண்டது உலகியல். இந்த இடத்தில்தான் கேள்வி எழுகிறது. பொறுத்தல் யாருடைய அறம்? யாருக்கு இழைக்கப்பட்ட தீங்கை யார் பொறுப்பது? அதற்கு எல்லை உண்டா?

திருக்குறளின் அதிகார வைப்பு இக்கேள்விகளுக்கு ஒரு வாயிலைத் திறக்கிறது. பொறையுடைமை 16ஆம் அதிகாரம், இல்லறவியலில் நிற்பது. வெகுளாமை 31ஆம் அதிகாரம், துறவறவியலில் நிற்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். சினவாதவன் பொறுப்பான், பொறுப்பவன் சினவான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அங்ஙனமாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு, அதுவும் இரண்டு வெவ்வேறு இயல்களில்? நாலடியாரைப் பார்த்தால் ஐயம் இன்னும் கூர்மையடைகிறது. பதுமனார் வகுத்த முறைப்படி அந்நூலில் சினமின்மை 7ஆம் அதிகாரம், துறவறவியலின் இறுதி. பொறையுடைமை 8ஆம் அதிகாரம், இல்லறவியலின் முதல். இரண்டு நூல்களும் ஒரே கோட்டை ஒரே இடத்தில் கிழித்திருப்பது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று. துறவிக்குச் சினம் என்னும் உணர்ச்சியே அற வேண்டும் என்று கேட்கப்படுகிறது. இல்லறத்தானிடம் அது கேட்கப்படவில்லை. அவனுக்குச் சினம் வரும். மனைவி மக்கள், சுற்றம், அண்டை அயல், கொடுக்கல் வாங்கல் என்று பலரோடு கட்டுண்டவனுக்கு வராமலும் இராது. வந்த சினத்தோடு, தனக்குத் தீங்கு செய்தவனை என் செய்வது என்பதே அவன்முன் உள்ள வினா. ஆகவே பொறை ஒரு செயல், ஒரு முடிவு. உணர்ச்சி இன்மையன்று.

பரிமேலழகர் இதனை நுட்பமாகக் கண்டவர். காரணம் பற்றியோ அறியாமையாலோ ஒருவன் மிகை செய்தபோது அதனையே அவனுக்குத் திருப்பிச் செய்யாதிருத்தல் என்ற கருத்தில் அவர் பொறைக்கு விளக்கம் தருகிறார். உணர்வைப் பற்றி அவர் பேசவில்லை, செய்யாமையைப் பற்றியே பேசுகிறார். பிறனில் விழையாமையை அடுத்து இவ்வதிகாரம் வைக்கப்பட்டதற்கு, நெறி தவறியவரையும் பொறுக்க வேண்டும் என்று அவர் காட்டும் இயைபு மட்டும் எளிதில் செரிப்பதாக இல்லை. அதற்கு முந்திய அதிகாரத்தில் பேசப்பட்ட குற்றம் எத்தகையது என்பதை எண்ணினால், அதனைப் பொறுத்துக் கொள்ளும் சுமை யார் தலையில் ஏறும் என்பதும் எண்ணப்பட வேண்டியதாகிறது.

வெகுளாமையின் தொடக்கத்தில் வள்ளுவர் கூறுவது பொறைக்கும் பொருந்தும். சினம் பலிக்கும் இடத்தில் அதனைத் தடுப்பவனே சினங்காப்பவன், பலிக்காத இடத்தில் காத்தால் என்ன காவாவிட்டால் என்ன என்பது அக்குறளின் கருத்து. திருப்பி அடிக்க வல்லவன் அடிக்காமல் இருப்பதே பொறை. அடிக்க வழியில்லாதவன் அடங்கியிருப்பதற்கு வேறு பெயர்கள் உண்டு. அவற்றுள் எதுவும் அறத்தின் பெயர் ஆகாது. இந்த வேறுபாட்டை மறைத்து, இயலாமைக்குப் பொறுமை என்று பெயர் சூட்டிப் போற்றும் பழக்கம் போற்றப்படுவோரைவிடப் போற்றுவோருக்கே பயன்பட்டு வந்திருக்கிறது.

இடையே ஒரு சொல்லாய்வு. இன்று அழுக்காறு என்ற பொருளில் வழங்கும் 'பொறாமை' அமைப்பால் பொறுக்காமையே. பிறர் செய்த தீங்கைப் பொறுக்காமை என்று அது பொருள்படாமல், பிறர் பெற்ற ஆக்கத்தைப் பொறுக்காமை என்று சுருங்கி நின்றுவிட்டது. மனிதனுக்குத் தீமையைத் தாங்குவதைவிட அடுத்தவன் நன்மையைத் தாங்குவது கடினம் என்று மொழியே கண்டுகொண்டது போலும். குறளில் பொறையுடைமைக்கு அடுத்த அதிகாரம் அழுக்காறாமை. கவிஞர்கள் கூடிய அவையில் இதற்கு விரிவுரை தேவைப்படாது.

பொறையின் எல்லையை அறிய நீதிநூல்களைவிட ஒரு காப்பியம் மிகுதியும் உதவும். சிலப்பதிகாரம் பொறுத்தவர்களையும் பொறுக்காதவர்களையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டும் நூல். கண்ணகியைப் பொறுமையின் வடிவம் என்று புகழ்ந்தோர் ஒருபுறம். புகாரில் வாய் திறவாதிருந்தாளே என்று குறைகூறுவோர் மறுபுறம். இரு திறத்தாரும் நூலின் ஒரு பகுதியை மட்டுமே கண்டவர்கள் என்று சொல்ல வேண்டியுள்ளது.

புகாரில் கண்ணகி தனித்திருந்த காலத்தில் அவளிடம் வருபவள் தேவந்தி. அவளும் கணவனால் விடப்பட்டவள். பாசண்டச் சாத்தன் அவளோடு 8 ஆண்டு வாழ்ந்து, தன் கோட்டத்துக்கு வரும்படி சொல்லிப் போய்விட்டவன். கோயிலில் வழிபட்டுக் காத்திருப்பதே அவள் வாழ்வு. அவள் அன்பினால் ஒரு வழி சொல்கிறாள். காவிரி கடலோடு கலக்கும் இடத்தருகே சோமகுண்டம், சூரியகுண்டம் என இரு பொய்கைகள் உள்ளன, அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு கூடி இன்புறலாம் என்பது அது. கண்ணகி மறுத்துவிடுகிறாள். அது தனக்குப் பெருமை தருவதன்று என்ற அளவில் அவள் மறுமொழி முடிகிறது. ஓரிரு சொல்லே ஆயினும் புகார்க் காண்டத்து மௌனம் முழுவதற்கும் திறவுகோல் அதுதான். வேறு வழியறியாது காத்திருந்தவள் வந்த வழியைப் பற்றிக்கொண்டிருப்பாள். கண்ணகிக்கு வழி இருந்தது, காட்டப்பட்டது, அவள் கொள்ளவில்லை. கணவன் வரவேண்டும் என்று இரந்து நிற்க அவள் ஒருப்படவில்லை. மாநாய்கன் மகளுக்குத் தந்தை வீட்டு வாயிலும் அடைபட்டிருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம். ஆனால் 12 வயதில் மணம் செய்து வைக்கப்பட்ட ஒருத்தியின் விருப்பத்தைத் தன்னுரிமை என்று எவ்வளவு தூரம் சொல்லலாம் என்னும் தயக்கமும் உடன் எழுவதே நேர்மை.

அவள் மறுத்த அக்கணமே கோவலன் வாயிலுக்கு வந்துவிடுகிறான். தன் குலத்துப் பெருஞ்செல்வம் தொலைந்ததையும் அதனால் நாணுவதையும் சொல்கிறான். கண்ணகி முறுவலித்துத் தன் சிலம்புகளைக் கொள்ளுமாறு கூறுகிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி வருந்துகிறான் என்று அவள் கருதினாள் எனக் கொள்வது உரைமரபு. பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் பெரிதும் பேசப்படுவது இக்காட்சி. இத்துடன் நிறுத்திவிட்டால் கண்ணகி உலகியல் விரும்பும் பூமாதேவிதான்.

இளங்கோ நிறுத்தவில்லை. மதுரையில் மாதரி அளித்த இல்லத்தில், தன் கையால் சமைத்து அவனை உண்பித்து, வெற்றிலை பாக்கும் கொடுத்த பிறகு, கோவலன் தன் செயலுக்கு வருந்துகிறான். இருமுது குரவர் ஏவலைத் தவறியதையும், அவளுக்குச் சிறுமை செய்ததையும் அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். அப்போது கண்ணகி பேசுகிறாள். அது இல்லை என்று அவள் மறுக்கவில்லை, பரவாயில்லை என்று மழுப்பவும் இல்லை. அவன் நடந்து கொண்டது போற்றத்தகாத ஒழுக்கம் என்பதை முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவன் இல்லாத நாட்களில் அறவோரையும் துறவோரையும் பேணவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் முடியாமற் போனதை எடுத்துரைக்கிறாள். மாமனும் மாமியும் வந்தபோது துன்பத்தை மறைத்துப் பொய்யாக நகைத்ததையும், அந்நகையைக் கண்டே அவர்கள் உள்ளம் நைந்ததையும் கூறுகிறாள். அதன்பின்னரே, மாறா உள்ளத்தோடு இருந்ததால் அவன் எழச் சொன்னபோது எழுந்து வந்ததாக முடிக்கிறாள்.

இவ்வுரையின் ஒவ்வொரு பகுதியும் நிறுத்திப் பார்க்கத்தக்கது. பொறுத்தவள் மறந்தவள் அல்லள். தீங்கைத் தீங்கு என்று அறிந்து, அதற்குரிய பெயரைச் சொல்லி, பிறகே அதனைத் திருப்பிச் செய்யாது விடுகிறாள். பெயர் சொல்லாத பொறுமை தீங்கு செய்தவனை அவன் அறியாமையிலேயே வைத்திருக்கும். மேலும், தான் பொறுத்ததன் விலையைத் தான் மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் அவள் அறிந்திருக்கிறாள். விருந்தினர் வாயிலில் திரும்பினர், முதியோர் இருவர் நொந்தனர். வீட்டுக்குள் ஒருவர் விழுங்கிய துயரம் வீட்டின் எல்லாச் சுவர்களிலும் ஊறும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இடம் தமிழில் அரிது.

மதுரைக்கு வரும் வழியில் நிகழ்ந்த ஒன்று இதற்கு முன்பே ஒரு நெறியைச் சொல்லிச் சென்றுள்ளது. கவுந்தியடிகளோடு கோவலனும் கண்ணகியும் ஒரு சோலையில் தங்கியிருக்க, வறுமொழி பேசும் ஒருவனும் பரத்தை ஒருத்தியும் வந்து இவர்கள் யார் என்று வினவுகின்றனர். என் மக்கள் என்கிறார் அடிகள். உடன்பிறந்தோர் கணவன் மனைவியாக வாழ்வதும் உண்டோ என்று அவர்கள் எள்ளி நகைக்கின்றனர். கண்ணகி செவி பொத்தி நடுங்குகிறாள். சினந்த கவுந்தி அவ்விருவரையும் முள்ளுடைய காட்டில் நரிகளாகுமாறு சபித்துவிடுகிறார். நரிகளின் ஊளை கேட்டதும் கோவலனும் கண்ணகியுமே நடுங்கி, நெறி தவறியோர் சொன்னது அறியாமையால் என்று கொள்ள வேண்டும், அவர்களுக்கு விடுதலைக் காலம் கூறியருள வேண்டும் என்று வேண்டுகின்றனர். 12 மாதம் கழித்துப் பழைய உருவம் பெறுக என்று அடிகள் தளர்த்துகிறார்.

வெகுளாமை துறவிக்கு, பொறை இல்லறத்தாருக்கு என்று இரண்டு நீதிநூல்கள் வகுத்தது இங்கே உயிரோடு நடக்கிறது. வெகுளாமை காக்க வேண்டிய துறவி வெகுள்கிறார். பொறுக்க வேண்டிய இல்லறத்தார் பொறுக்கின்றனர். கவுந்தியைக் குறைகூறி இக்காட்சியைக் கடந்து போவது எளிது. ஆனால் அவர் சினந்தது தமக்காக அன்று. தம் பாதுகாவலில் வந்த இருவருக்கு இழைக்கப்பட்ட இழிவுக்காகவே சினந்தார். பிறருக்குச் செய்த தீங்கைக் கண்டு வாளாவிருப்பது பொறையாகாது என்றால், அவர் சினம் நேரியதே. பிறகு அதனைத் தளர்த்தியது எது? இழிக்கப்பட்டவர்களே வந்து வேண்டினார்கள். பொறுக்கும் உரிமை தீங்குற்றவருக்கே உரியது. வேறு எவரும், துறவியே ஆயினும், அவர் பொருட்டு அதனைச் செலவிட முடியாது. அதே காரணத்தால், நீ பொறுத்துக்கொள் என்று தீங்குற்றவரைப் பணிக்கும் உரிமையும் வேறு எவருக்கும் இல்லை. ஊரார்க்கு இல்லை, உறவுக்கு இல்லை, தீங்கு செய்தவனுக்கோ அறவே இல்லை.

இந்நெறியை நினைவில் கொண்டு பார்த்தால் காப்பியத்தில் நிகழும் அழிவுகள் அனைத்தும் பொறுக்காமையால், இன்னும் சரியாகச் சொன்னால் விரைவினால் வந்தவை. அவற்றுள் முதலாவது ஒரு பாட்டைப் பற்றியது என்பதால் இவ்வட்டத்துக்குத் தனியே உரியது. கடற்கரையில் மாதவி யாழைச் செவ்வி பார்த்துக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் பாடியதில் வேறொருத்தியை நினைத்த குறிப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. ஊடலோடு யாழை வாங்கி, தனக்கும் வேறு குறிப்பு இருப்பது போல அவளும் பாடுகிறாள். அவள் பாட்டைப் பாட்டாகக் கேட்கப் பொறுமையில்லாமல், வாக்குமூலமாகக் கேட்டுவிட்டு எழுந்து போகிறான் அவன். வசந்தமாலை கொண்டுவந்த மடலையும் வாங்க மறுக்கிறான். யாழின்மேல் வைத்து ஊழ் வந்து சினந்தது என்ற கருத்தில் இளங்கோ சொல்வது இருக்கட்டும். ஊழுக்கு இடம் கொடுத்தது ஒரு தவறான வாசிப்பு. கற்பனைக் கூற்றைக் கவிஞனின் சொந்த ஒப்புதலாக எடுத்துக்கொண்டு ஆளை எடைபோடும் வழக்கம் கோவலனோடு முடிந்துவிடவில்லை. மாதவியின் இரண்டாம் மடலைக் கோசிகன் வழியாகப் பெற்றுப் படித்தபோதுதான் குற்றம் அவளுடையதன்று, தன்னுடையது என்று அவன் தெளிகிறான். அப்போது அவன் மதுரையின் புறத்தே இருக்கிறான். இரண்டு மடல்களுக்கும் இடையிலான தொலைவு மூன்று உயிர்களின் விலை.

அடுத்த விரைவு அரசனுடையது. ஆடல் மகளிரைக் கண்டு அரசன் உள்ளம் நெகிழ்ந்தான் என ஊடி, தலைநோய் என்று சொல்லி எழுந்து போன தேவியைத் தணிவிக்க அவன் விரைந்து செல்லும் வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். வாயிலில் நின்றபடியே கட்டளை பிறந்துவிடுகிறது. சிலம்பு அவன் கையில் இருந்தால் என்ற நிபந்தனை அதில் இருந்தது. அது யாருடைய சிலம்பு என்ற வினா இல்லை. பிறகு காவலர் வருகின்றனர். கோவலனைக் கண்டதும் இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று அவர்களே தயங்குகின்றனர். பொற்கொல்லன் களவு நூலின் எட்டுக் கருவிகளையும் எடுத்து விளக்கி அத்தயக்கத்தைப் போக்குகிறான். கடைசியில் வெட்டியவன் கல்வியறிவில்லாத, கள்ளுண்ட ஒருவன். நாட்டின் நீதி மன்னனிடமிருந்து புறப்பட்டு அவன் கைவாளில் வந்து முடிகிறது. தயங்கியவர்களுள் ஒருவன் இன்னும் ஒரு நாழிகை தயங்கியிருந்தால் என்று படிப்பவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடம் அது.

இனி வழக்குரை காதை. கோவலன் தனக்கு இழைத்ததைப் பொறுத்த கண்ணகி, பாண்டியன் கோவலனுக்கு இழைத்ததைப் பொறுக்கவில்லை. இதனை அவள் இயல்பில் நேர்ந்த திடீர் மாற்றமாகக் காண்போர் உளர். பொறுமை எல்லை கடந்து உடைந்தது என்பார்கள். உடைந்தது எதுவுமில்லை. கொலையுண்டவன் பொறுக்க இயலாது, அவன் வாய் மூடிவிட்டது. அவன் பொருட்டுப் பொறுக்க அவளுக்கு உரிமையில்லை. கேட்கும் கடமையே உண்டு. புகாரில் வாய் திறவாதிருந்ததும் மதுரையில் வாய் திறந்ததும் ஒரே நெறியின் இரு பக்கங்கள். அரசவையில் அவள் புலம்பவில்லை. புறாவுக்காகத் தன்னையும், ஆவின் கன்றுக்காக மகனையும் ஈந்த சோழர் வழியைச் சொல்லித் தன்னை அறிவிக்கிறாள். சிலம்பின் பரல் எது என்று ஒரு வழக்கறிஞருக்குரிய தெளிவோடு மெய்ப்பிக்கிறாள். அவன் சொன்னது முத்து, உடைத்தபோது தெறித்தது மாணிக்கம்.

ஒரு செய்தி. அடியார்க்கு நல்லாரின் பேருரை கானல்வரிக்குக் கிடைக்கவில்லை. ஊர்சூழ் வரிக்குப் பின், அதாவது வழக்குரை காதை தொடங்கி, அதுவும் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது இவ்விடங்களுக்கு அரும்பத உரையைத் துணைக்கொள்ளும் நிலையே இருந்தது. மாதவி பொறாது பாடிய இடமும் கண்ணகி பொறாது எழுந்த இடமும் உரையின்றி நிற்கின்றன. ஏடுகளின் விபத்துதான் இது, இதில் வேறு பொருள் காண வேண்டியதில்லை. ஆயினும் அவ்விரண்டு இடங்களையும் தம் அறிவைக் கொண்டே படித்தாக வேண்டிய நிலை தமிழ் மாணவருக்கு வாய்த்திருக்கிறது.

புகாரில் அவள் காட்டியது பொறையா, இயலாமையா என்னும் முன்னைய ஐயத்துக்கு மதுரை விடை சொல்கிறது. திருப்பிச் செய்ய வல்லவர் செய்யாதிருப்பதே பொறை என்றால், அவ்வல்லமை கண்ணகிக்கு இருந்ததா? ஒரு நகரை எரிக்கும் வல்லமை இருந்தது. அது மதுரையில் பிறந்ததன்று, வெளிப்பட்டது. பின்னால் எழுந்த தீயின் வெளிச்சத்தில் முன்னால் இருந்த அமைதியைப் படிக்க வைத்ததில்தான் இளங்கோவின் காப்பிய அமைப்பு வெற்றி பெறுகிறது.

ஆனால் அத்தீயைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் கடப்பது முறையன்று. தானே கள்வன் என்று அறிந்த அக்கணமே பாண்டியன் உயிர் விட்டான். கோப்பெருந்தேவியும் இறந்தாள். குற்றமும் ஒப்புதலும் தண்டமும் ஒரே இடத்தில் முடிந்துவிட்டன. அதன்பின் நகர் எரிவதேன்? அறவோர், முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்டிர் முதலியோரை விலக்கித் தீயோர் பக்கமே சேருமாறு தீக்கடவுளுக்குக் கண்ணகி பணித்ததைக் காட்டி அதனை நியாயப்படுத்துவது மரபு. சினத்தின் உச்சியிலும் அவள் வரம்பிட்டாள் என்பது உண்மை, அது சிறியதும் அன்று. எனினும் வழக்கு முடிந்த பின் எழுந்த தீ நீதியின் தீயன்று, துயரத்தின் தீ. அதனை அறம் என்று முழுதும் கொள்ள மனம் ஒப்பவில்லை. மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதை சொல்ல வேண்டியிருந்ததே அதற்குச் சான்று. நீலி என்பவள் தன் கணவன் சங்கமன் வீணே கொலையுண்டபோது 14 நாள் அழுது அலைந்து மலையிலிருந்து பாய்ந்து இட்ட சாபம் அது என்கிறது தெய்வம். கேட்பார் இல்லாமற்போன ஒரு பெண்ணின் அழுகை ஒரு பிறவி கடந்து வேறொரு பெண்ணின் வாயில் வந்து கேட்டது என்று அக்கதையைக் கொண்டால், அதில் ஊழைவிடப் பெரிய உண்மை இருக்கிறது.

பொறை எங்கே குற்றமாக மாறும் என்பதற்குத் தமிழில் வேறொரு சான்று பாரதியின் பாஞ்சாலி சபதம். அதன் முதற்பகுதி 1912இல் வெளிவந்தது, முழுநூல் அவர் மறைவுக்குப் பின் 1924இல் வந்தது. தம்பியரையும் தன்னையும் தோற்ற தருமன் பாஞ்சாலியையும் பணயம் வைத்து இழந்து, அவள் அவைக்கு இழுத்து வரப்பட்டபோதும் அமைந்திருக்கிறான். பொறுமைக்குப் பேர்போன அவன் அங்கே பொறுத்தது தனக்கு நேர்ந்ததை அன்று, வேறொருத்திக்கு நேர்ந்ததை. அண்ணன் கையை எரிக்கத் தீக்கொண்டு வரச் சொன்ன வீமனின் வெகுளி அந்த அவையில் அறத்துக்கு மிக அருகே நிற்கிறது. தெருவில் அவளை இழுத்துப் போனதைப் பார்த்துப் புலம்பி நின்ற ஊராரைப் பாரதி நெட்டை மரங்களை ஒப்பவர்களாகக் கண்டு கடிந்தார். பெரும்பாலான பொதுப்பொறுமை இந்த வகையைச் சேர்ந்தது. தன்மேல் படாத அடியைத் தாங்கிக்கொள்ள எவருக்கும் வலிப்பதில்லை.

வஞ்சிக் காண்டம் போர்க்காண்டம் என்று பெரும்பாலோர் விரைந்து புரட்டிவிடுகின்றனர். பொறையைப் பற்றிய நூலின் முடிவு அங்கேதான் இருக்கிறது. தமிழ் அரசரின் ஆற்றலை இகழ்ந்து நாவைக் காக்கத் தவறிய கனகனும் விசயனும் பத்தினிக்குரிய கல்லைத் தலையில் சுமந்து வருகின்றனர். பொறை என்னும் சொல்லின் இரு பொருளையும் ஒரே தண்டனையில் பொருத்திவிட்டான் செங்குட்டுவன் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அவனுக்கும் பொறை எளிதாக இல்லை. தவக்கோலம் பூண்டு தப்ப முயன்றவரைச் சிறைபிடித்தது வீரமன்று என்று சோழனும் பாண்டியனும் சொன்னதாகக் கேட்டதும் அவன் மீண்டும் சினக்கிறான். மாடலன் என்னும் அந்தணனே அவனைத் தணிக்கிறான். அகவை 50 கடந்தும் போர்க்கள வேள்வியே செய்கிறாய், அறக்கள வேள்வி செய்யவில்லை என்ற கருத்தில் அவன் சொல்லும் அறிவுரை அரசன் உள்ளத்தில் பதிகிறது. ஆரிய மன்னர் சிறையிலிருந்து விடுவிக்கப்படுகின்றனர்.

கோயில் எழுந்த பிறகு, வாழ்த்துக் காதையில், கண்ணகி கடவுள் வடிவில் செங்குட்டுவனுக்குத் தோன்றுகிறாள். அப்போது அவள் சொல்வது பாண்டியனைப் பற்றி. அவன் குற்றமற்றவன், வானோர்க்கு விருந்தாகிவிட்டான், தான் அவன் மகள் என்கிறாள். எவன் அவையில் சிலம்பை உடைத்தாளோ அவனைத் தந்தை என்கிறாள். இதனைச் சொல்ல உலகத்தில் அவள் ஒருத்திக்கே உரிமை இருந்தது. மதுரையில் அவன் முன் நின்றபோது அவள் இதனைச் சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். அவன் தன் குற்றத்தைத் தானே கூறி வீழ்ந்த பிறகு, தீயும் அவிந்து, ஒரு காண்டம் கழிந்து வரும்போதுதான் அச்சொல்லுக்கு எடை கிட்டுகிறது.

அதனைக் கேட்டு நின்றவர்களுள் தேவந்தி இருந்தாள். கண்ணகியின் செவிலித்தாயும், தோழியும், மாதரியின் மகள் ஐயையும் அவளோடு வந்திருந்தனர். அடைக்கலமாக வந்தவளைக் காக்க முடியவில்லை என்று மாதரி தீயில் புகுந்துவிட்டிருந்தாள். விழாவின் இறுதியில், பத்தினிக் கோட்டத்தில் நாள்தோறும் பூவும் புகையும் இட்டு வழிபாடு செய்யும் பொறுப்பைச் செங்குட்டுவன் யாரிடம் அளிக்கிறான் என்பது கவனிக்கத்தக்கது. அவன் அளித்தது தேவந்தியிடம். பொய்கையில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் வருவான் என்று ஒருநாள் புகாரில் கண்ணகிக்கு வழி சொன்ன அதே தேவந்தியிடம்.